கேபிளில் கோளாறு இல்லை

அந்த வருடம் என் ஆட்டோவுக்கு இரண்டு முறை கிளட்ச் கேபிள் மாற்றினேன். மாட்டிய இரண்டும் நல்ல கேபிள்கள். கழற்றிப் போட்டவையும் நல்ல கேபிள்கள்தான். அது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

ஆட்டோ ஓட்டாதவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த வண்டியில் இடது கைக்குத்தான் வேலை அதிகம். வலது கை ஆக்சிலேட்டரை முறுக்கிக்கொண்டு சுகமாக இருக்கும். இடது கை நான்கு விரலால் கிளட்ச்சை இழுத்துப் பிடிக்க வேண்டும், பிடித்த பிடியை விடாமல் மணிக்கட்டை மேலும் கீழும் திருப்பி கியர் போட வேண்டும். ஊருக்கு வெளியே இது ஒரு வேலையே இல்லை. பெங்களூருக்குள் பொம்மனஹள்ளியிலிருந்து சில்க் போர்டு சிக்னல் வரை போய்ப் பாருங்கள். பத்தடி நகர்வோம், நிற்போம், மறுபடி பத்தடி. வண்டி ஓடுகிற நேரத்தைவிட கிளட்ச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும் நேரம் அதிகம். ஆகவே ஒரு நாள் கிளட்ச் கல் மாதிரி இறுகிப்போனதாகத் தோன்றியபோது, நான் சந்தேகப்பட்டது கேபிளைத்தான். வேறு எதைச் சந்தேகப்படுவது?

எங்கள் தெரு முனையில் ஆட்டோ ரிப்பேர் கடை வைத்திருக்கும் பாய் முதல் தடவை ஒன்றும் பேசாமல் மாற்றிக் கொடுத்தார். இரண்டாவது தடவை முனகினார். மூன்றாவது தடவை போனபோது கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார்.

“பாய், மறுபடியும் கல்லு மாதிரி இருக்கு. என்னதான் கேபிள் போட்ட?”

அவர் வந்து இரண்டே விரலால் கிளட்ச்சை இழுத்தார். விட்டார். மறுபடி இழுத்தார்.

“அண்ணா, இதுவா கல்லு? வெண்ணெ மாதிரி கீது.”

“உன் கைக்கு வெண்ணெ. நாள் பூரா நீயா ஓட்டுற?”

“இங்க வா.” பக்கத்தில் வேறு ஒருவருடைய ஆட்டோ சர்வீஸுக்கு நின்றிருந்தது. “இத புடி.”

பிடித்தேன். அதுவும் கல்.

“அதையும் புடி.” அந்தப் பக்கம் புத்தம் புது வண்டி ஒன்று நின்றது. பூஜை போட்ட எலுமிச்சம்பழம்கூடக் காயவில்லை. அதுவும் கல்.

“மூணு வண்டிக்கும் ஒரே நோவா? எப்பிடி அண்ணா? ஒண்ணுக்கொண்ணு ஒட்டிக்கிச்சா?”

எனக்குக் கோபம் வந்தது. என்னவோ பேசினேன். அவர் சிரித்துக்கொண்டே, “கேபிள் நக்கோ, வேணாம். போய் டாக்டர்கிட்ட கைய காட்டு” என்று சொல்லி, காசு வாங்காமல் அனுப்பிவிட்டார். காசு வாங்கியிருந்தால்கூட அவ்வளவு எரிச்சல் வந்திருக்காது.

யோசித்துப் பார்த்தால் கை ரொம்ப நாளாகவே சரியில்லை. தூக்கத்தில் மரத்துப்போகும். எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும். எழுந்து உட்கார்ந்து, ஈரக் கையை உதறுகிற மாதிரி உதறினால் கொஞ்சம் அடங்கும். “யாருக்குய்யா டாட்டா காட்டுற?” என்று என் மனைவி பாதித் தூக்கத்தில் கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வாள். அவள் ஓசூர் ரோட்டில் ஒரு ஆயத்த ஆடை ஆலையில் வேலை செய்கிறாள். பிறந்து வளர்ந்தது இதே பெங்களூரில், நீலசந்திராவில். பகலெல்லாம் நின்றுகொண்டே துணியைப் புரட்டிப் புரட்டிக் குறை பார்க்கிற வேலை. அவளுக்கும் தூக்கம் வேண்டும்.

நான் ஒன்பதாவதைப் பாதியில் விட்டவன். நாமக்கல் பக்கத்திலிருந்து ஆழ்துளைக் கிணறு போடுகிற லாரியில் ஏறினேன். சத்தீஸ்கர், ஒடிசா, தெலங்கானா என்று வருடக்கணக்கில் அந்த லாரியோடு சுற்றினேன். பிறகு புனேயில் ஒரு ஓட்டலில் பாத்திரம் கழுவினேன், ஓசூரில் லாரிக்கு மூட்டை ஏற்றினேன், பெங்களூரில் தண்ணீர் கேன் போட்டேன். எந்த வேலை தொந்தரவு கொடுத்ததோ அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போவதுதான் என் வழக்கம். எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் அதுதான், இதுவரை பலித்தும் வந்தது. இந்தத் தடவை தொந்தரவு கையில் வந்து உட்கார்ந்துகொண்டது. அதை எங்கே விட்டுவிட்டுப் போவது?

டாக்டரிடம் போவதற்கு முன்னால் ஊரே வைத்தியம் சொன்னது. நீலசந்திராவில் சுளுக்கு எடுப்பவர் ஒருவர் இருக்கிறார் என்று மாமியார் வீட்டில் சொன்னார்கள். போனேன். அவர் எண்ணெய் போட்டு என் மணிக்கட்டை இரண்டு கட்டை விரலாலும் அழுத்தி, “நரம்பு ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கினு கீது” என்று சொல்லி, அதை இறக்குகிறேன் என்று இழுத்தார். நான் லாரியில் கம்பிக் கயிறு அறுந்து அடி வாங்கியவன். அன்று போட்ட கூச்சலைக் கயிறு அறுந்த அன்றுகூடப் போடவில்லை. அடுத்த இரண்டு நாள் டம்ளரைப் பிடிக்க முடியவில்லை.

சவாரிக்கு வருகிறவர்கள் இன்னொரு பக்கம். நான் சிக்னலில் கையை உதறுவதைப் பார்த்துவிட்டால் போதும். ஒருவர் வைட்டமின் என்பார். ஒருவர் வாயு என்பார். ஒருவர் சர்க்கரை என்பார், அவருக்கு இருப்பதால். ஒரு பெரியவர் மடிவாளாவில் ஏறினார். கொஞ்ச தூரம் போனதும் கேட்டார்.

“என்னப்பா, கைய ஒதறிக்கிட்டே இருக்க?”

“மரத்துப்போகுது சார்.”

“எந்தக் கை?”

“இடது.”

அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்தார். பிறகு, “தம்பி, ஓரமா நிறுத்திக்கோ” என்றார். நிறுத்தினேன். இறங்கினார். பேசிய பணத்தை முழுசாகக் கொடுத்தார். “இடது கைன்னா ஹார்ட். உடனே போய்ப் பாரு. எனக்குப் பேரன் பேத்தி எல்லாம் இருக்காங்க” என்று சொல்லிவிட்டு அடுத்த ஆட்டோவைப் பிடித்துப் போய்விட்டார். எனக்கும் குடும்பம் இருக்கிறது என்பது அவருக்குத் தோன்றவில்லை. ஆனால் அவர் கிளப்பிய பயம்தான் என்னை அரசு மருத்துவமனை வரிசையில் கொண்டுபோய் நிறுத்தியது.

நெஞ்சுக்கு ஒன்றும் இல்லை என்று ஒரு வரிசையில் சொன்னார்கள். சர்க்கரை இல்லை என்று இன்னொரு வரிசையில் சொன்னார்கள். மூன்றாவது வரிசையின் முடிவில் ஒரு பெண் டாக்டர் இருந்தார். கன்னடத்தில்தான் பேசினார். எனக்குக் கன்னடம் நன்றாகப் புரியும், பேசினால் பாதி தமிழாகிவிடும். அவரும் அதற்கேற்ற மாதிரி கொஞ்சம் தமிழைக் கலந்துகொண்டார்.

எந்த விரல் மரத்துப்போகிறது என்று கேட்டார். எல்லாம் என்றேன். நன்றாக யோசித்துச் சொல் என்றார். ஒவ்வொரு விரலாகத் தொட்டுக்கொண்டே வந்தார். கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடு விரல் மூன்றும் துணிக்கு மேலே தொடுகிற மாதிரி இருந்தன. மோதிர விரலில் பாதி அப்படி. சுண்டு விரல் சுத்தமாக நன்றாக இருந்தது. இத்தனை மாதம் என்னோடு இருந்த கை, அதில் ஒரு விரல் கெடவே இல்லை என்பதை நான் கவனிக்கவில்லை. பிறகு இரண்டு புறங்கைகளையும் ஒன்றோடொன்று ஒட்டி, விரல்கள் கீழே தொங்க, மணிக்கட்டை மடக்கிப் பிடிக்கச் சொன்னார். சற்று நேரத்திலேயே எறும்பு ஏற ஆரம்பித்துவிட்டது.

மணிக்கட்டில் எலும்புகளுக்கு நடுவே ஒரு குறுகலான வழி இருக்கிறதாம். மேலே பட்டை மாதிரி ஒரு தசைநார் இறுக்கி மூடியிருக்கிறதாம். விரல்களை இழுக்கிற நார்களெல்லாம் அந்த வழியாகப் போகின்றன, கூடவே ஒரு நரம்பும் போகிறது. நார்கள் வீங்கினால் நரம்பு நசுங்கும். டாக்டர் ஒரு தாளில் வரைந்து காட்டினார். எனக்குப் படம் தேவைப்படவில்லை. ஆழ்துளைக் கிணற்றுக் குழாய்க்குள் தண்ணீர்க் குழாயையும் மோட்டார் ஒயரையும் சேர்த்து இறக்கும்போது, இடம் பற்றாமல் ஒயர் நடுவில் நசுங்குவதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். மோட்டார் நன்றாக இருக்கும், மின்சாரமும் வரும், தண்ணீர் மட்டும் வராது.

பிறகு கையில் சின்னச் சின்னதாக ஷாக் கொடுத்துப் பார்த்தார்கள். நரம்பில் செய்தி எவ்வளவு வேகமாகப் போகிறது என்று பார்க்கும் சோதனை அது. என் நரம்பில் மெதுவாகத்தான் போனது. சில்க் போர்டு மாதிரி என்று சோதனை செய்தவர் சொன்னார். அன்றைக்கு அது எனக்குச் சிரிப்பாக இல்லை.

டாக்டர் மணிக்கட்டுக்கு ஒரு பட்டை கொடுத்தார். உள்ளே ஒரு தகடு இருக்கும், மணிக்கட்டு மடங்காமல் நேராக நிற்கும். ராத்திரி படுக்கும்போது போட்டுக்கொள் என்றார். சரி என்று வாங்கி வந்தேன். வந்து என்ன செய்தேன் என்றால், பகலில் போட்டுக்கொண்டு ஓட்டினேன்.

டாக்டர் சொன்னது தெளிவாகக் காதில் விழுந்தது. நம்பிக்கை வரவில்லை, அவ்வளவுதான். கை கெடுவது பகலில், கிளட்ச்சில். ராத்திரி கை சும்மா கிடக்கிறது. ஹெல்மெட்டை யாராவது வீட்டுக்கு வந்து படுக்கும்போது மாட்டிக்கொள்வார்களா? டாக்டர் அவசரத்தில் மாற்றிச் சொல்லியிருப்பார், அல்லது வேலை செய்கிறவன் பகலில் போட மாட்டான் என்று சலுகை கொடுத்திருப்பார் என்று நானே முடிவு கட்டினேன். ஸ்டாண்டில் இருந்த டிரைவர்கள் எல்லாரும் நான் சொன்னதுதான் சரி என்றார்கள். ஆட்டோ ஓட்டுகிறவர்கள் ஒன்றாகச் சேர்ந்து ஒரு தப்பைச் சரி என்று முடிவு செய்தால் அதை அசைக்கவே முடியாது.

மணிக்கட்டு மடங்காமல் கியர் மாற்ற முடியாது. ஆகவே முழங்கையைத் தூக்கி, தோளோடு சேர்த்துத் திருப்பினேன். தெருவில் பார்த்தவர்கள் நான் யாரையோ இடிக்கப்போவதாக நினைத்திருப்பார்கள். சில வாரங்கள் போயும் மரத்துப்போன கை அப்படியே இருந்தது. கூடவே தோளும் கழுத்தும் வலிக்க ஆரம்பித்தன.

அந்தப் பட்டையோடு ஓட்டிக்கொண்டிருந்த நாட்களில் ஒரு பெண் வைட்ஃபீல்டுக்கு ஏறினாள். கம்ப்யூட்டர் வேலை. பேச்சைக் கேட்டால் கோயம்புத்தூர்ப் பக்கம். பின்னாலிருந்து கையை நீட்டினாள். அவள் கையிலும் அதே பட்டை.

“அண்ணா, உங்களுக்குமா? எனக்கு மவுஸ் புடிச்சு வந்துச்சு. உங்களுக்கு எதுனால?”

“கிளட்ச்சு.”

“நான் மவுஸ மாத்திட்டேனுங்ணா. நிமிர்ந்து நிக்கிற மாதிரி ஒண்ணு வருது. ஆபீஸ்ல சேரும் மாத்திக் குடுத்தாங்க. நீங்க கிளட்ச்ச மாத்த முடியாதுங்களா?”

“ரெண்டு தடவை மாத்திட்டேன்மா.”

அவளுக்கு அது புரியவில்லை. நானும் விளக்கவில்லை. ஆனால் இறங்கும்போது, “கிளட்ச்சே இல்லாம எலக்ட்ரிக் ஆட்டோ வருதே, அத வாங்கிக்கலாமில்லீங்ணா?” என்று கேட்டுவிட்டுப் போனாள். அது என் மண்டையில் ஏறிவிட்டது. டாக்டர் இல்லாமல், பட்டை இல்லாமல், வண்டியை மாற்றியே கையைச் சரிசெய்துவிடலாம். எந்த வேலை தொந்தரவோ அதை விடு. என் பழைய வைத்தியம்தான், புது வண்டியில் ஏறி வந்திருந்தது.

அடுத்த தடவை டாக்டர் என் தோள்வலியைக் கேட்டார், பட்டையில் படிந்த கிரீஸைப் பார்த்தார், எல்லாம் புரிந்துவிட்டது.

“ராத்ரி அந்த ஹேளித்னல்லா?” என்றார். ராத்திரி என்றுதானே சொன்னேன் என்கிறார். குரலை உயர்த்தவில்லை. என்னை மாதிரி எத்தனை பேரைப் பார்த்தாரோ.

தூக்கத்தில்தான் நாம் மணிக்கட்டை மடக்கி, முகத்துக்குக் கீழே வைத்து, மணிக்கணக்கில் நசுக்குகிறோம் என்று விளக்கினார். இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நம்பியிருப்பேனா என்றால், மாட்டேன்.

ராத்திரி போட ஆரம்பித்தேன். உண்மையைச் சொல்ல வேண்டும், தூக்கம் வந்தது. ஆனால் பகலில் கிளட்ச் கல்லாகவே இருந்தது. பிறகு மணிக்கட்டில் ஓர் ஊசி போட்டார்கள். அது ஒரு மாயம். சில நாளில் எறும்பு போயிற்று, கிளட்ச் வெண்ணெயாயிற்று. ஊசி போட்டது கைக்கு ஓய்வு கொடுப்பதற்கு. நானோ விட்டதைப் பிடிக்கிறேன் என்று காலையிலிருந்து இருட்டும்வரை ஓட்டினேன். மழைக்காலம் முடிவதற்குள் எறும்புகள் குடும்பத்தோடு திரும்பி வந்தன.

அப்போதுதான் டாக்டர் என் இரண்டு உள்ளங்கைகளையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொன்னார். “பாரு” என்றார். வலது கையில் கட்டை விரலுக்குக் கீழே சதை மேடாக இருந்தது. இடது கையில் அந்த மேடு தேய்ந்த டயர் மாதிரி வழுக்கையாகிவிட்டிருந்தது.

“வலி குறைஞ்சா நல்லாயிடுச்சுன்னு நினைக்காத. இந்தச் சதை போயிட்டிருக்கு. முழுசாப் போயிட்டா, அப்புறம் ஆபரேஷன் பண்ணினாலும் திரும்ப வரும்னு நான் சொல்ல மாட்டேன். பிடிமானம் போயிடும். யோசி, ஆனா ரொம்ப நாள் யோசிக்காத.”

இப்போது பிரச்சினை எளிது. ஆபரேஷன் செய்து, நரம்பை நசுக்குகிற அந்தத் தசைநாரை வெட்டிவிடுவதா, வேண்டாமா. வெட்டாவிட்டால் கட்டை விரல் போகும். வெட்டினால் வரலாம், வராமலும் போகலாம். கட்டை விரல் போன இடது கையோடு என்னைப் போன்றவன் செய்யக்கூடிய வேலை இந்த ஊரில் ஒன்றுதான். ஏதாவது அபார்ட்மெண்ட் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிற வண்டிக்கெல்லாம் கேட் திறக்கிற வேலை. உட்கார்ந்திருப்பது எனக்கு ஆகாது. ஒரே வாசலில் தினமும் உட்கார்ந்திருப்பதைவிட சத்தீஸ்கர் வெயிலில் பாறையைத் துளைப்பது மேல்.

பயம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் லாரி வேலையில் கை எப்படிப் போகும் என்று பார்த்தவன் நான். துளையிடும் கம்பிகளைக் கழற்றும்போது ஒருவனுக்கு மூன்று விரல் போயிற்று. அவன் கத்தக்கூட இல்லை, கையைப் பார்த்துக்கொண்டு நின்றான். கையைத் திறந்தால் உள்ளே என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதை மறுபடி மூடினால் பழைய மாதிரி ஆகும் என்று நம்புவதற்கு எனக்குக் காரணம் எதுவும் இருக்கவில்லை.

என் மனைவிக்கு இந்தத் தயக்கமெல்லாம் கிடையாது.

“வெட்டிக்கோ. எங்க லைன்ல ஒரு அக்கா பண்ணிக்கினாங்க. இப்போ ரெண்டு கையாலயும் கட்டு கட்டா துணி தூக்குறாங்க.”

“அந்தக்கா நல்லாயிட்டாங்க, லைன்ல நிக்கிறாங்க. நல்லாகாதவங்க உன் லைன்ல எப்படி நிப்பாங்க? வேலையை விட்டுப் போயிருப்பாங்க. அவங்களை நீ எங்க பார்க்கப்போற?”

“இன்னாய்யா, கோர்ட்டா இது?”

“எலக்ட்ரிக் ஆட்டோ வாங்கிடலாம். சவாரிக்கு வந்த ஒரு பொண்ணு சொல்லுச்சு. கிளட்ச்சே கிடையாது. கை தானா ஆறிடும்.”

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

“வாங்கு. கிளட்ச் இல்லாத வண்டி வாங்கிக்கோ. பட்டன் இல்லாத சட்டை வாங்கிக்கோ. காலையில கழுவிக்கிறதுக்கும் எலக்ட்ரிக்ல எதுனா வருதான்னு அந்தப் பொண்ணாண்ட கேட்டு வாங்கிக்கோ. இடது கைக்கு கிளட்ச்சு மட்டுந்தான் வேலைன்னு நெனச்சிக்கினு கீறியா?”

வீட்டுக்கு வந்திருந்த என் மாமியார் அடுப்படியிலிருந்து சிரித்தார். எனக்கு வந்த எரிச்சலில் வெளியே போக எழுந்தேன். சட்டையை மாட்டிக்கொண்டுதான் போக வேண்டும். இடது கையால் பட்டன் ஓட்டையைப் பிடித்தால் பிடி நழுவுகிறது. கழுத்திலிருந்து நான்காவது பட்டன் வரை எவ்வளவு நேரம் ஆயிற்று என்று அவளும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதாவது சொல்லியிருந்தால் சண்டை போட்டுத் தப்பித்திருப்பேன். மறுநாள் போய் ஆபரேஷனுக்குப் பெயர் கொடுத்தேன்.

பெயர் கொடுத்ததும் அழைத்துவிடுவார்கள் என்று நினைப்பவர்கள் அரசு மருத்துவமனைக்குப் போகாதவர்கள். ஒரு நாள் போனால் இரத்தச் சோதனை பழையதாகிவிட்டது என்றார்கள். ஒரு நாள் மயக்க மருந்து டாக்டர் விடுப்பு. ஒரு நாள் ஏதோ பெரிய விபத்து, எல்லா மேசையும் நிரம்பிவிட்டது. அந்த வாரங்களில்தான் நான் தினமும் என் கட்டை விரல் மேட்டை அழுத்திப் பார்த்தேன். காய்கறி வாங்குகிறவர்கள் தக்காளியை அழுத்துகிற மாதிரி. இன்னும் இருக்கிறதா, நேற்றைவிடக் குறைந்திருக்கிறதா. வேண்டாம் வேண்டாம் என்று ஓடியவனுக்கு இப்போது ஏன் தாமதம் என்று ஆத்திரம்.

ஒரு வழியாக மேசையில் படுக்கவைத்தார்கள். கையை மட்டும் மரக்கவைத்து, முகத்துக்கும் கைக்கும் நடுவே ஒரு பச்சைத் துணியைக் கட்டினார்கள். மேல்கையில் இரத்தம் வராமல் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். வலித்தது அதுதான். வெட்டியது தெரியவில்லை. துணிக்கு அந்தப் பக்கம் அந்தப் பெண் டாக்டரும் இன்னொருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். வைட்ஃபீல்டில் மேடம் வாங்கிய ஃபிளாட்டில் தண்ணீர் வரவில்லையாம், ஆழ்துளைக் கிணறு வறண்டுவிட்டதாம், தினமும் டேங்கராம்.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

“எத்தனை அடி போட்டாங்க மேடம்?”

துணிக்கு மேலே இரண்டு கண்கள் எட்டிப் பார்த்தன.

“நீ பேசாம படு” என்றார் டாக்டர். “உன் கைக்குள்ளதான் இருக்கேன்.”

ஒரு பெரிய சிக்னலில் நிற்கிற நேரம்தான் ஆகியிருக்கும். முடிந்துவிட்டது என்றார்கள். இத்தனை மாதமாக நான் கட்டிக்கொண்டு அழுத விஷயம் அவ்வளவுதானா என்று கோபம்தான் வந்தது.

அன்று ராத்திரி கை மரக்கவில்லை. கட்டுக்குள் வெட்டின வலி இருந்தது, ஆனால் எறும்புகள் இல்லை. விரல்களை மடக்கி நீட்டிக்கொண்டே இரு, கையைத் தொங்கவிடாதே என்றார்கள். வண்டியைத் தெருவில் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு, கையை நெஞ்சுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பொம்மனஹள்ளி முழுக்க நடந்தேன். பார்க்கிறவர்களுக்கு நான் எதற்கோ சத்தியம் செய்துகொண்டு போகிற மாதிரி இருந்திருக்கும். தெரிந்தவர்கள் நிறுத்தி நிறுத்தி, “சரியாயிடுச்சா?” என்று கேட்டார்கள். சரியாகிவிட்டது என்றால், “அப்போ ஏன் ஓட்டல?” இன்னும் இல்லை என்றால், “அதான் வெட்ட வேணாம்னு சொன்னேன்.” இரண்டு பதிலுக்கும் எல்லாரிடமும் மறுபேச்சு தயாராக இருந்தது.

தையல் பிரித்த அன்று டாக்டர் கட்டை விரலால் சுண்டு விரல் நுனியைத் தொடச் சொன்னார். மோதிர விரல்வரை போனது. அங்கேயே நடுங்கி நின்றது. அவர் மேட்டை அழுத்திப் பார்த்தார்.

“மரப்பு போயிடுச்சு. சதை மெதுவாத்தான் வரும். எவ்வளவு வரும்னு இப்போ சொல்ல முடியாது. இதுக்கு மேல போகாது, அது நிச்சயம்.”

“எப்போ ஓட்டலாம் மேடம்?”

“காயம் நல்லா ஆறட்டும். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா.”

ஓசூர் ரோட்டில் கொஞ்சம் கொஞ்சமாக என்று ஒரு கிளட்ச் கிடையாது. இழுத்தால் முழுசாக இழுக்க வேண்டும். இதை அவரிடம் சொல்லிப் பயனில்லை. அவர் சொன்னதை என் வசதிக்கு மாற்றிக்கொள்ளவும் இந்தத் தடவை எனக்குத் துணிச்சல் இல்லை. மாதங்கள் போயின. கட்டை விரல் சுண்டு விரலைத் தொட்டுவிட்டது. மேடு பாதி வந்திருக்கிறது. மீதி வரவில்லை, இனி வருமா என்று தெரியவில்லை.

இப்போது விடிவதற்கு முன்னால் வண்டியை எடுக்கிறேன். ரயில் நிலையத்துக்குப் போகிறவர்கள், பூ மார்க்கெட்டுக்குப் போகிறவர்கள், ராத்திரி வேலை முடிந்து வருகிறவர்கள். ரோடு காலியாக இருக்கும், மூன்றாவது கியரிலேயே பாதி ஊரைக் கடந்துவிடலாம். ஆபீஸ் கூட்டம் இறங்குகிற நேரத்தில், அதாவது நல்ல வருமானம் வருகிற நேரத்தில், நான் வீட்டுக்குத் திரும்புகிறேன். வருமானம் குறைந்துவிட்டது. அதைப் பற்றி வீட்டில் பேசி முடித்தாயிற்று.

போன வாரம் திரும்பி வரும்போது சிக்னலில் ஒருவர் கை காட்டினார். தோளில் லேப்டாப் பை, காதில் ஏதோ மாட்டியிருந்தார். போனில் தமிழில் பேசிக்கொண்டிருந்தார்.

“பாஸ், வைட்ஃபீல்ட்.”

“வரல சார்.”

“மீட்டருக்கு மேல போட்டுத் தர்றேன்.”

“அதுக்கில்ல சார். கை சரியில்ல. ஆபரேஷன் பண்ணியிருக்கு.”

அவர் குனிந்து என் கையைப் பார்த்தார். உள்ளங்கையில் மெல்லிய கோடு ஒன்று இருக்கிறது. கைரேகை பார்க்கிறவன்கூட அதை ரேகை என்றுதான் நினைப்பான்.

“நல்லாத்தானே இருக்கு” என்றார். பிறகு போனில், “இல்ல மச்சி, இந்த ஊரு ஆட்டோக்காரங்களோட ரோதனை. கூப்பிட்டா ஒருத்தனும் வர்றதில்ல. இவரு இப்போ கைய காரணம் சொல்றாரு” என்றார்.

வைட்ஃபீல்ட் போகிற வழியில் எத்தனை இடத்தில் நின்று நகர வேண்டும் என்று எனக்கு மனப்பாடம். ஒவ்வொரு இடத்துக்கும் எத்தனை இழுப்பு என்பதும் தெரியும். அதை அவரிடம் சொல்ல வாயெடுத்தேன். பச்சை சிக்னல் விழுந்தது. பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள். கிளட்ச்சை இழுத்து, கியரைப் போட்டு, வீட்டுப் பக்கம் திரும்பினேன்.